எறும்புக்குச் சாய்ந்த ஈசன்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் திருவெறும்பூர் வந்துவிடும். பாரத மிகுமின் நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை, அதை அண்டி வளர்ந்த பட்டறைகள், பேருந்தும் லாரியும் ஓயாத சாலை என்று இன்றைய உலகத்தின் இரைச்சல் அனைத்தும் அங்கே உண்டு. அந்த இரைச்சலின் நடுவே சுமார் 60 அடி உயரத்துக்குப் பாறையாக எழுந்து நிற்கிறது ஒரு சிறு குன்று. அதன் உச்சியில் எறும்பீசர் என்னும் திருநாமத்துடன் சிவபெருமான் எழுந்தருளியிருக்கிறார். அம்பிகைக்கு நறுங்குழல் நாயகி என்று பெயர்.

தேவார காலத்தில் இத்தலத்துக்குத் திருவெறும்பியூர் என்று பெயர். காவிரித் தென்கரைத் தலங்களின் வரிசையில் ஏழாவதாக வைத்து எண்ணப்படுவது. திருநாவுக்கரசு சுவாமிகளின் பதிகங்களைப் பெற்றது. முற்காலச் சோழர் காலத்துக் கற்றளி. சோழர் கல்வெட்டுகள் பல இங்கே உள்ளன. இப்பெருமைகள் எல்லாம் பிற தலங்களுக்கும் உண்டு. ஆனால், எறும்பின் பெயரால் ஓர் ஊரும், எறும்பின் பெயரால் ஓர் இறைவனும் விளங்குவது இங்கே நமக்குக் கிடைத்திருக்கும் தனிச்சிறப்பு. நாம் காலடியில் பார்த்தும் பாராமலும் கடந்து செல்லும் ஒரு சிற்றுயிருக்கு இந்தப் பெருமை எப்படி வாய்த்தது?

தல வரலாறு

தாரகாசுரன் தேவர்களை வருத்திய காலம். இந்திரன் முதலானோர் பிரம்மதேவரிடம் சென்று முறையிட்டனர். இத்தலத்து ஈசனை வழிபடுமாறு அவர் வழி கூறினார். தேவர் உருவத்தில் சென்றால் அசுரன் கண்டுகொள்வான் என்று அஞ்சிய அவர்கள் எறும்பு வடிவம் கொண்டு பூசிக்கப் புறப்பட்டனர். ஐராவதத்தில் ஏறிப் பவனி வந்தவன் மண்ணில் ஊர்ந்து வந்தான்.

வந்த இடத்தில் ஓர் இடையூறு. லிங்கத் திருமேனியில் எண்ணெய்ப் பசை இருந்தது. மலர் சாத்த மேலே ஏறிய எறும்புகள் வழுக்கி வழுக்கி விழுந்தன. விழுந்தவை மீண்டும் ஏறின; மீண்டும் விழுந்தன. அதைக் கண்ட பெருமான் தம் திருமேனியை எறும்புகள் பற்றி ஏறுவதற்கு ஏற்ற புற்று மண்ணாக ஆக்கிக்கொண்டார். அதுவும் போதாது என்று, அவை எளிதில் ஏறும்படி ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்தும் கொடுத்தார்.

இன்றும் கருவறையில் நாம் தரிசிப்பது அந்தப் புற்று மண் திருமேனியையே. ஆகவே இங்கே மூலவருக்கு நீரால் அபிஷேகம் செய்வதில்லை. தீபாராதனை வெளிச்சத்தில் உற்று நோக்கினால், திருமேனி நேராக நில்லாமல் சாய்ந்திருப்பது புலப்படும். பெரிய சன்னதிகளில் இறைவனின் கம்பீரத்தைக் கண்டு கைகூப்புகிறோம். இங்கே கைகூப்ப வைப்பது அந்தச் சாய்வு.

பிராகாரத்தில் ஒரு பாடம்

தரிசனம் முடிந்து வெளிப்பிராகாரத்தில் அமர்ந்தால் எறும்புகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. யாரோ சிந்திய சர்க்கரைப் பொங்கலின் ஒரு பருக்கை போதும். முதலில் ஒன்று வரும். சுற்றிப் பார்க்கும், திரும்பிச் செல்லும். சிறிது நேரத்தில் பத்து. பிறகு கல் இடுக்கிலிருந்து ஒரு நீண்ட சாரி. நாம் பிள்ளையார் எறும்பு என்று அன்போடு அழைக்கும், கடிக்காத அந்தக் கறுப்பு எறும்புகளைக் கண்டு இரசிக்க மூக்குக் கண்ணாடியும் சற்றுப் பொறுமையும் இருந்தால் போதுமானது.

இந்தச் சாரி எப்படி அமைகிறது என்பதை அறிவியலாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். உணவைக் கண்ட எறும்பு திரும்பும் வழியெல்லாம் தன் வயிற்றிலிருந்து ஒருவகை வாசனைப் பொருளைத் தரையில் இட்டுச் செல்கிறது. அந்த வாசனையைப் பற்றிக்கொண்டு அடுத்தது வருகிறது. அதுவும் தன் பங்குக்கு இட்டுச் செல்கிறது. உணவு தீர்ந்துவிட்டால் இடுவது நின்றுவிடும். வாசனையும் காற்றில் கரைந்துவிடும். யாரும் யாருக்கும் கட்டளை இடவில்லை.

கூட்டத்தில் ராணி எறும்பு உண்டே என்று கேட்கலாம். பெயர்தான் ராணி, அதன் பணி முட்டையிடுவது மட்டுமே. அது ஆணை பிறப்பிப்பதில்லை. அமெரிக்காவின் அரிசோனா பாலை நிலத்தில் விதை சேகரிக்கும் எறும்புகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் டெபோரா கார்டன் என்னும் அம்மையார் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார். வெளியே சென்றவை விதையுடன் எவ்வளவு விரைவாகத் திரும்பி வருகின்றனவோ, அதற்கேற்ப உள்ளே காத்திருப்பவை வெளியே புறப்படும். வாசலில் உணர்கொம்பால் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதே அவற்றின் உரையாடல். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் மேற்பார்வையாளரே இல்லை என்பது, அலுவலகங்களில் வாழ்நாளைக் கழித்த நம் போன்றோருக்கு வியப்பைத் தரும் செய்தி.

எறும்புக்கு இரண்டு வயிறு உண்டு என்பது இன்னொரு செய்தி. ஒன்று தனக்கு, மற்றொன்று கூட்டத்துக்கு. வெளியே அருந்திய இனிய நீரை முதலில் கூட்டத்துக்குரிய பையில்தான் அது நிரப்பிக்கொள்கிறது. வழியில் பசித்த உடன்பிறப்பு உணர்கொம்பால் தட்டிக் கேட்டால், வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறது. அறிவியலார் இதற்குச் சமுதாய வயிறு என்றே பெயரிட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பழக்கத்தை எறும்பு தன் உடம்பிலேயே கொண்டிருக்கிறது.

முதியோருக்கு அங்கே என்ன இடம்?

இவ்விதழை வாசிப்போரில் பலர் என்னைப் போல் அறுபதைக் கடந்தவர்கள். நமக்கு இயல்பாக எழும் வினா ஒன்று உண்டு. எறும்புக் கூட்டத்தில் வயதானவை என்ன செய்கின்றன?

பெரும்பாலான எறும்பு இனங்களில் இளையவை கூட்டுக்குள் இருக்கும். முட்டைகளையும் புழுக்களையும் பேணுவது அவற்றின் வேலை. வயது ஏற ஏற எறும்பு வாசலை நோக்கி நகர்கிறது. இரை தேடி வெளியே செல்வதும், பகையை எதிர்த்து நிற்பதும் முதிர்ந்தவற்றின் கடமை. வெயில், பறவை, பல்லி, நம் காலடி ஆகிய எல்லா ஆபத்தும் வெளியேதான் இருக்கிறது. மாமரத்தில் இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளிலும் எல்லையைக் காப்பவை வயதில் மூத்தவையே. மனிதர் போருக்கு இளைஞரை அனுப்புகிறார்கள். எறும்புகளோ பாட்டிமாரை அனுப்புகின்றன. ஆம், உழைக்கும் எறும்புகள் அனைத்தும் பெண்களே. நாம் பிராகாரத்தில் காணும் சாரியும் ஏறக்குறைய ஒரு மூத்தோர் ஊர்வலம்தான். குடும்பத்தில் இழப்பு நேருமானால் அதை முதலில் நான் தாங்கிக்கொள்கிறேன் என்று முன்னே வந்து நிற்பது முதுமையின் பெருமை என்று அந்தச் சாரி சொல்லாமல் சொல்கிறது.

சோம்பி இருப்பவற்றைப் பற்றியும் ஓர் ஆறுதலான செய்தி உண்டு. எறும்பு என்றாலே சுறுசுறுப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். ஆனால் அரிசோனா பல்கலைக்கழகத்தில் பாறை இடுக்கில் வாழும் ஒரு சிற்றெறும்பு இனத்தைக் கண்காணித்தபோது, கூட்டத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு எறும்புகள் பெரும்பாலும் சும்மாவே இருந்தன. மிகவும் உழைப்பவற்றை ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள், சும்மா இருந்தவற்றில் சில எழுந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டன. அவை சேமநிதி போன்றவை. வட்டி ஈட்டாமல் கிடக்கிறதே என்று தோன்றும் தொகைதான் நெருக்கடியில் குடும்பத்தைத் தாங்குகிறது என்பதை வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் நான் அறிவேன். திண்ணையில் ஜபமாலையோடு அமர்ந்திருக்கும் முதியவர் வீட்டுக்கு வீண்பாரம் அல்லர்.

வாசனைக்குள் அடங்கிய அன்பு

இதுவரை சொன்னவற்றோடு நிறுத்திக்கொண்டால், எறும்பைப் போல் வாழுங்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் எறும்பின் வாழ்வில் இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் பார்த்தால்தான் இத்தலத்துப் பெருமான் ஏன் சாய்ந்தார் என்பது விளங்கும்.

எறும்பின் உடல் மீது மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கிறது. அதில் கூட்டத்துக்குக் கூட்டம் மாறுபடும் வாசனை உண்டு. அந்த வாசனை பொருந்தினால் சகோதரி, பொருந்தாவிட்டால் பகை. ஒரே இனத்தைச் சேர்ந்த அடுத்த புற்றின் எறும்பு, உருவத்தில் எள்ளளவும் வேறுபடாதது, தவறி உள்ளே வந்துவிட்டால் பல சமயம் அதைக் கடித்துக் குதறிவிடுகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் சரக்குகளோடு பரவிய அர்ஜென்டினா எறும்புகள் கலிபோர்னியாவில் பெருங்கூட்டங்களாகப் பெருகியிருக்கின்றன. இரண்டு பெருங்கூட்டங்கள் சந்திக்கும் எல்லையில் மடிந்து குவிபவை எண்ணிக்கையில் அடங்கா. கூட்டத்துக்குள் இருக்கும் ஒற்றுமைக்கு ஈடில்லை. கூட்டத்துக்கு வெளியே இரக்கம் என்பதே இல்லை.

வேறொரு கூட்டத்தின் குழந்தைகளைக் கொள்ளையிட்டு வந்து வேலைக்காரராக வளர்க்கும் எறும்பினமும் உண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் ஹியூபர் 1810ஆம் ஆண்டிலேயே இதை எழுதிவைத்தார். பிறர் உழைப்பில் வாழ்ந்து பழகிய அந்த எறும்புகளுக்குத் தாமாக உண்ணவும் தெரியாது. எதிரே உணவு இருந்தாலும் அடிமை வந்து ஊட்ட வேண்டும்!

இன்னும் ஒன்று மனத்தை உறுத்துவது. இறந்த எறும்பு சில நாட்களில் ஒருவகை அமிலத்தின் வாசனையை வெளியிடும். அந்த வாசனை வந்ததும் மற்றவை அதைத் தூக்கிச் சென்று குப்பைமேட்டில் போட்டுவிடும். எட்வர்ட் வில்சன் என்னும் அறிஞர் 1958ஆம் ஆண்டில் அந்த அமிலத்தை உயிருள்ள எறும்பு ஒன்றின் மீது தடவிப் பார்த்தார். கால்களை உதைத்துக்கொண்டிருந்த அதையும் தோழிகள் தூக்கிச் சென்று குப்பைமேட்டில் போட்டுவிட்டன. அது திரும்பி வந்தது. மீண்டும் தூக்கி எறிந்தன. வாசனை போகும்வரை தன்னைத் துடைத்துக்கொண்ட பிறகே கூட்டத்தில் அதற்கு இடம் கிடைத்தது. கண்ணெதிரே துடிக்கும் உயிரைக் காட்டிலும் அதன் மேல் ஒட்டிய முத்திரையே பெரிதாகிவிட்டது.

இவற்றைப் படிக்கும்போது எறும்பின் மீது கோபம் வரவில்லை. அதற்கு வேறு வழி கிடையாது. படைத்தவன் வகுத்த நெறியில் நடக்கிறது. நம் நினைவுதான் நம் மீது திரும்புகிறது. பணி ஓய்வு என்ற முத்திரை விழுந்த மறுநாளே வீட்டு விவகாரங்களில் ஒருவரைக் கலந்துகொள்ளாமல் விடுகிறோமே, அது எந்த வாசனை? கணவனை இழந்த பெண்ணை மங்கல நிகழ்ச்சிகளில் பின்வரிசைக்கு அனுப்பினோமே, அது எந்த வாசனை? வேறு குலத்திலிருந்து, வேறு மொழியிலிருந்து வந்த மருமகளைப் பூசையறை வாசலில் நிறுத்திவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றனவே? வங்கியில் இருந்தபோது, தந்தையின் வைப்புத்தொகையைப் பிரித்துக்கொள்ள வந்து ஒரே பெஞ்சின் இரு முனைகளில் முகம் பாராமல் அமர்ந்திருந்த சகோதரர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். எறும்பு தன் புற்றுக்குள்ளாவது சண்டையிடாது. நாமோ புற்றுக்குள்ளேயே புது எல்லைகள் வகுத்துக்கொள்கிறோம்.

இக்குன்றும் அதற்குச் சாட்சி. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக் கோட்டைக்காக மோதிய கர்நாடகப் போர்களின்போது, எறும்பீசர் வீற்றிருக்கும் இதே மலை படைகள் பிடித்துக்கொள்ளும் அரணாக இருந்தது. ஈசன் சாய்ந்து கொடுத்த இடத்தில் மனிதர் பீரங்கியை நிமிர்த்தி வைத்தார்கள்.

சாய்வதே மனிதம்

இறைவனுக்கும் எறும்புக்கும் என்ன உறவு? ஒரே புற்றா, ஒரே வாசனையா? எதுவும் இல்லை. வந்தவை தேவர்கள் என்பது அவருக்குத் தெரியும் என்று சொல்லலாம். ஆனால் தல வரலாறு அந்த இடத்தில் அவர்களது பதவியைப் பேசவில்லை. ஏற முடியாமல் வழுக்கியதையே பேசுகிறது. ஏற முடியாதவன் நிலையைக் கண்டு, ஏற்றுக்கொள்பவன் தன் நிலையை மாற்றிக்கொண்டான். கூடிவாழ எறும்பிடம் கற்கலாம். கூட்டத்துக்கு வெளியே இருப்பவனுக்காகச் சாய்வதை எறும்பீசரிடம்தான் கற்க வேண்டும். மனிதன் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறான். எறும்பின் இயல்பும் அவனிடம் உண்டு. ஈசனின் இயல்பில் ஒரு துளியும் உண்டு. எதை வளர்ப்பது என்பது அவன் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

சென்ற முறை சென்றிருந்தபோது கண்ட காட்சி இது. மலைக்கு ஏற நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். பாதி வழியில் ஒரு மூதாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். உடன் வந்த பேத்தி சிறுமி. தாங்கிப் பிடிக்க அவளால் இயலவில்லை. கீழிருந்து ஏறி வந்த இரண்டு இளைஞர்கள் கை நீட்டினார்கள். பட்டறை வேலைக்கு வடமாநிலத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் பேசிய இந்தியில் தெரிந்தது. அம்மையார் முதலில் கையை இழுத்துக்கொண்டார். அறியாத முகம், அறியாத மொழி. இளைஞர்கள் போய்விடவில்லை, ஒருவன் இரண்டு படி கீழே இறங்கி, தன் தோள் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் குனிந்து நின்றான். சிறிது நேரம் அவனைப் பார்த்திருந்துவிட்டு, “வா தம்பி” என்று தோளில் கைவைத்து எழுந்தார். சன்னதியில் தமக்குக் கிடைத்த விபூதியை அவர்கள் இருவர் நெற்றியிலும் அவரே இட்டுவிட்டார். சாய்ந்தது யார் என்று கேட்டால் இரு தரப்பும் என்றே சொல்வேன். தோள் கொடுப்பதற்கு மட்டுமன்றி, அறியாத தோளை ஏற்பதற்கும் மனம் சற்று வளைய வேண்டியிருக்கிறது. முதியோராகிய நமக்கு இரண்டாவதுதான் கடினம்.

நம் முன்னோர் இதற்கு எளிய பயிற்சி ஒன்றை வகுத்தார்கள். இல்லறத்தார் அன்றாடம் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளில் பூத யக்ஞம் ஒன்று; மற்ற உயிர்களுக்கு உணவளிப்பது. வாசலில் பச்சரிசி மாவினால் கோலமிடுவதும் அதன்பாற்பட்டதே. அந்த மாவைத் தூக்கிச் செல்லும் எறும்பு நம் கூட்டத்தைச் சேர்ந்ததன்று. நமக்கு நன்றி சொல்லவும் அதற்குத் தெரியாது. உறவும் கைம்மாறும் இல்லாத இடத்தில் கொடுத்துப் பழகவே, விடியற்காலையில் முதல் வேலையாக அதை வைத்தார்கள். அடுக்குமாடி வீட்டில் கல்பொடிக் கோலமும் ஒட்டுக் கோலமும் வந்துவிட்ட இந்நாளில், ஒரு சிட்டிகை அரிசி மாவையாவது வாசலோரம் தூவச் சொல்லிப் பேரப்பிள்ளைகளைப் பழக்கலாம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அன்றாடம் இட்டு வந்தால் மனத்தின் கல்லும் தேயாதா?

திருவெறும்பூருக்குத் திருச்சியிலிருந்து நகரப் பேருந்துகள் ஏராளம். திருச்சி – தஞ்சை இருப்புப்பாதையில் ரயில் நிலையமும் உண்டு. வெயில் ஏறும் முன் காலையில் செல்வது நலம். பாறை சூடாகிவிட்டால் காலை ஊன்ற முடியாது. படிகளை அவசரமின்றி, இடையிடையே அமர்ந்து ஏறுங்கள். முழங்கால் வலி உள்ளோர் துணையின்றிச் செல்ல வேண்டாம். சன்னதியில் உங்கள் வேண்டுதலைச் சொல்லுங்கள். அதோடு, பல காலமாகப் பேச்சு நின்றுபோன ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார். அவர் பெயரையும் அந்தச் சாய்ந்த திருமேனியின் முன் ஒருமுறை சொல்லிவிட்டு வாருங்கள். அவர் ஏறி வர இயலாமல் வழுக்கிக்கொண்டிருக்கலாம். சற்றே சாய்ந்து கொடுக்கும் வல்லமையை எறும்பீசர் நமக்கு அருள்வார்.